வீட்டுக்கு எழுதிய போர்: முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள்

1914 செப்டம்பர் 26ஆம் தேதி, பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இந்தியப் படையின் முதல் அணிகள் இறங்கின. லாகூர் டிவிஷனும் அதைத் தொடர்ந்து மீரட் டிவிஷனும் வந்தன. ஒரு மாதம் முடிவதற்குள் அவர்களில் பலர் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரைச் சுற்றிய பதுங்குகுழிகளில் நின்றார்கள். வெப்ப நாட்டுக்குத் தைத்த சீருடையோடு ஐரோப்பாவின் முன்பனிக்கு முகம் கொடுத்தார்கள். போர் முடிவதற்குள் பிரான்ஸுக்குச் சென்ற இந்தியர்கள் சுமார் 1,38,000 பேர். பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புறம், கட்வால், நேபாளம், ஐக்கிய மாகாணம், மராட்டிய நாடு ஆகிய பகுதிகளின் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே அவர்களில் பெரும்பான்மை.

1911 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட நாட்டின் கிராமத்துச் சிப்பாய்கள் 1915 மார்ச் வாக்கில் பிரான்ஸிலிருந்து வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எழுத்தறியாத மக்கள் கூட்டம் ஒன்று இவ்வளவு எழுதியதற்கு அதற்கு முன் நம் வரலாற்றில் சான்றில்லை.

அந்தக் கடிதங்களின் மூலப் பிரதிகள் பெரும்பாலும் அழிந்துபோயின. நம் கைக்கு வந்திருப்பவை, ராணுவத் தபால் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கைகளுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்துவைத்த பகுதிகள். அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர், வெட்டியவர் வேறொருவர், மொழிபெயர்த்தவர் மற்றொருவர். இத்தனை கைகள் பட்ட ஒன்றிலிருந்து போர்முனையில் நின்றவரின் மனத்தை எந்த அளவுக்கு அறிய முடியும்? இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் விவாதித்துவரும் கேள்வி இது. அந்த விவாதம் எங்கே வந்து நிற்கிறது, அது கவனிக்கத் தவறியது என்ன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தணிக்கை வந்த விதம்

இந்தியச் சிப்பாய்களின் தபாலைச் சோதிக்கத் தனி அலுவலகம் ஏற்பட்டதற்கு அடிப்படைக் காரணம் அரசியல் அச்சம். 1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தோன்றிய கதர் கட்சி, இந்தியப் படையினரைக் கிளர்ச்சிக்கு அழைத்துப் பிரசுரங்களை உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அவை பிரான்ஸில் இருக்கும் படைகளுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று பிரிட்டிஷார் கவலைப்பட்டனர். இந்திய மொழிகளில் தேர்ச்சி பெற்ற ஐ.சி.எஸ். அதிகாரியான ஈவ்லின் பெர்க்லி ஹவல் தணிக்கைக்குப் பொறுப்பேற்றார். ரூவானில் தொடங்கிய அலுவலகம் பின்னர் பூலோன் துறைமுகத்துக்கு மாறியது.

வெளியிலிருந்து வரும் தபாலில் ஆட்சேபகரமானவற்றைத் தேடுவதாகத் தொடங்கிய பணி, விரைவிலேயே சிப்பாய்கள் எழுதுவதைப் படிப்பதாக விரிந்தது. ஒரு சிலரை மட்டுமே கொண்ட ஒரு சிறு அலுவலகம் வாரத்துக்கு இருபதாயிரம் கடிதங்களைப் படித்து முடிக்க முடியாது. ஆகவே சிலவற்றை எடுத்துப் படித்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஹவல் ஓர் அறிக்கை எழுதினார். அதோடு சுமார் நூறு கடிதங்களிலிருந்து எடுத்த பகுதிகள் இணைக்கப்பட்டன. அறிக்கை போர் அலுவலகம், இந்தியா அலுவலகம், படைத் தளபதிகள், அரண்மனை எனப் பல இடங்களுக்குப் போனது. ரகசியம் கசியாமல் காப்பதைவிடப் படையின் மனநிலையை நாடி பிடித்துப் பார்ப்பதே அதன் முதன்மைப் பயனாக ஆனது.

அந்த அறிக்கைகளின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே அதன் போக்கு புரியும். முதலில் அனுப்பியவரின் சாதி அல்லது இனம், அவருடைய படைப்பிரிவு, எங்கிருந்து எழுதினார் என்ற விவரம். பிறகு பெறுபவர், அவருடைய ஊர், மாவட்டம். அடுத்து கடிதம் எழுதப்பட்ட மொழி அல்லது எழுத்து: உருது, குருமுகி, இந்தி, மராத்தி, பஷ்தோ என்று. பிறகு தேதி. அதன் கீழே பத்துப் பதினைந்து வரிகள். சிலவற்றின் அடியில் அந்தக் கடிதத்தின் தலைவிதி ஒற்றைச் சொல்லில்: அனுப்பப்பட்டது, நிறுத்தப்பட்டது, வரி நீக்கப்பட்டது. நிறுத்தப்பட்ட கடிதம் வீட்டுக்குப் போகவேயில்லை. மகன் எழுதியது தாய்க்குக் கிடைக்கவில்லை. நூறாண்டு கழித்து நமக்குக் கிடைக்கிறது.

ஒரு கடிதம் கடந்த கைகள்

கடிதம் என்றால் இருவருக்கு இடையிலான அந்தரங்கம் என்று இன்று நாம் நினைக்கிறோம். இந்தக் கடிதங்களில் பல அப்படிப் பிறக்கவில்லை. எழுதத் தெரியாத சிப்பாய், தெரிந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்து சொல்லுவார். அருகில் மற்றவர்களும் இருப்பார்கள். எழுதுபவர் சொன்னதைத் தமக்குப் பழக்கமான கடித நடைக்கு மாற்றுவார். தொடக்கத்தில் வணக்கம், நலம் விசாரிப்பு, பெரியவர் முதல் சிறியவர் வரை வரிசையாகப் பெயர்கள், பிறகு செய்தி. எழுதி முடித்ததும் படைப்பிரிவின் ஆங்கிலேய அதிகாரி பார்க்க வேண்டும். அதன் பிறகு பூலோன். கடல் கடந்து ஊருக்கு வந்தால் அங்கேயும் பள்ளி ஆசிரியரோ தபால்காரரோ ஓய்வுபெற்ற ஹவில்தாரோ படித்துக்காட்ட வேண்டும். குடும்பம் மட்டுமல்லாமல் அக்கம்பக்கமும் கூடிக் கேட்கும். நம் ஊர்களிலும் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துச் சொல்லி, பதிலையும் எழுதிக்கொடுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இதன் விளைவுகள் பெரியவை. மனைவிக்குச் சொல்ல வேண்டியதை அப்பாவும் தம்பியும் ஊராரும் கேட்கும்படிதான் சொல்ல முடியும். ஆசையும் அழுகையும் அடங்கிய குரலில்தான் வரும். 'இஸ்ஸத்' என்று அவர்கள் சொன்ன மானமும் குலப்பெருமையும் தூக்கலாக இருக்கும். ஊரில் பத்துப் பேர் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தவர், தான் பயந்ததாகச் சொல்லமாட்டார். உப்பிட்டவருக்கு விசுவாசம், மன்னருக்காக உயிர்கொடுப்பது ஆகிய வாசகங்கள் திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுவே ஒரு காரணம். அவை பொய் என்று சொல்வதற்கில்லை. சபையில் பேசும் பேச்சு என்ற அளவில் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

போரைச் சொன்ன முறை

இயந்திரத் துப்பாக்கியையும் விஷவாயுவையும் தொலைதூரப் பீரங்கியையும் பார்த்திராத வீட்டாருக்கு அதை எப்படிச் சொல்வது? சிப்பாய்கள் ஊரில் தெரிந்தவற்றைக் கொண்டு சொன்னார்கள். குண்டுகள் அடைமழையாகப் பொழிந்தன. மனிதர்கள் சட்டியில் தானியம் வறுபடுவதுபோல் வறுபட்டார்கள். பிணங்கள் அறுவடை முடிந்த வயலின் கதிர்க்கட்டுகளாகக் கிடந்தன. இது போரே இல்லை, உலகம் முடிகிறது என்றார்கள் பலர். மகாபாரதப் போரோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. படிப்பறிவில்லாதவர்கள் என்று அதிகாரிகள் கருதிய இவர்களிடம் இருந்த சொல்வளம் அந்த மொழிபெயர்ப்பையும் தாண்டித் தெரிகிறது.

ஆனால் எல்லாக் கடிதங்களையும் ஒரே குவியலாகப் படிப்பது தவறு. எழுதிய காலமும் எழுதியவர் இருந்த இடமும் முக்கியம். 1914 கடைசியிலும் 1915 முதற்பாதியிலும் காலாட்படையினர் எழுதியவற்றில் விரக்தி கனத்திருக்கிறது. 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நவ் ஷாப்பெல் போரில் இந்தியப் படையில் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமற்போனவர்கள் நாலாயிரத்துக்கும் அதிகம். அந்த மாதங்களில்தான், தம்பியைப் படையில் சேர்க்காதே, யார் வந்து கேட்டாலும் போகாதே என்ற வேண்டுகோள்கள் அடிக்கடி காணப்படுகின்றன. 1915 இறுதியில் காலாட்படை மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்டது. குதிரைப்படைகள் 1918 தொடக்கம் வரை பிரான்ஸிலேயே இருந்தன. முன்னேற்றத்துக்காகப் பின்னணியில் காத்திருப்பதே அவற்றுக்குப் பெரும்பாலான வேலை. ஆகவே 1916, 1917ஆம் ஆண்டுகளின் கடிதங்களில் பிரெஞ்சுக் கிராமங்களும் மனிதர்களும் நிறைய வருகிறார்கள். சிப்பாய்களின் மனம் மாறிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வதைவிட, எழுதுகிறவர்கள் மாறிவிட்டார்கள் என்பதே பொருந்தும்.

காயமடைந்தவர்கள் இங்கிலாந்தின் தென்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். பிரைட்டனில் முன்பு அரச மாளிகையாக இருந்த ராயல் பெவிலியன் 1914 டிசம்பரில் இந்திய மருத்துவமனையானது. மதத்துக்கும் சாதிக்கும் ஏற்பத் தனித்தனிச் சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள் ஏற்படுத்தப்பட்டன. மாளிகையின் கூரையையும் விளக்குகளையும் பார்த்துச் சொர்க்கத்தில் இருப்பதாக எழுதியவர்கள் இருந்தார்கள். அரசு அந்த மருத்துவமனையின் படங்களை அச்சிட்டு இந்தியாவெங்கும் பரப்பியது. அதே நகரின் கிச்சனர் மருத்துவமனையில் இருந்தவர்களோ காவலையும் கட்டுப்பாட்டையும் சிறையோடு ஒப்பிட்டு எழுதினார்கள். குணமானவர்களை மறுபடியும் போர்முனைக்கே அனுப்பும் முடிவு எல்லாவற்றையும்விட ஆழமாகக் காயப்படுத்தியது. ஒருமுறை அடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள். ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரண்டு விதமான கடிதங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுபவர் நமக்குப் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

மிளகும் மிளகாயும்

தணிக்கை இருப்பது சிப்பாய்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே சங்கேதமாகப் பேசினார்கள். 1915இல் காயமடைந்த ஒருவர் எழுதிய கடிதம் ஆய்வுலகில் புகழ்பெற்றது. கருமிளகு தீர்ந்துபோயிற்று, இப்போது சிவப்பு மிளகாயை எடுத்திருக்கிறார்கள் என்ற பொருளில் அவர் எழுதினார். கருமிளகு இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் வெள்ளைக்காரச் சிப்பாய். நம்மவர்களை முன்னே தள்ளித் தீர்த்துவிட்டார்கள் என்பது செய்தி.

இந்த மறைபொருளை ஹவல் எளிதாகவே புரிந்துகொண்டார். கீழைநாட்டார் கடிதங்களில் இப்படி ஒளித்துச் சொல்வதைத் தணிக்கையால் முற்றிலும் தடுக்க முடியாது என்றும் அவர் தம் மேலிடத்துக்குத் தெரிவித்தார். எல்லாவற்றையும் நிறுத்தினால் தபாலே நின்றுவிடும், தபால் நின்றால் படையின் மனம் குலையும். அதனால் கடுமையான வரிகள் பலவும் தப்பித்து ஊருக்குப் போயின. தணிக்கையாளர் கண்டிப்பானவராக இருந்திருந்தால் நமக்கு இன்று இவ்வளவு கிடைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரசு இக்கடிதங்களைப் படித்ததோடு நிற்கவில்லை. தணிக்கை அலுவலகத்தின் பகுதிகள் ரட்யார்டு கிப்ளிங்கின் கைக்குக் கொடுக்கப்பட்டன. அவர் அவற்றை அடிப்படையாகக் கொண்டு, இந்தியச் சிப்பாய்கள் எழுதுவதுபோன்ற கற்பனைக் கடிதங்களை உருவாக்கினார். அவை அமெரிக்கப் பத்திரிகையில் வந்து, 1918இல் 'தி ஐஸ் ஆஃப் ஏஷியா' என்ற நூலாயின. மூலக் கடிதங்களில் இருந்த சாவும் சலிப்பும் கசப்பும் அந்த நூலில் பின்னுக்குப் போய், ஐரோப்பாவைக் கண்டு வியக்கும் விசுவாசமான சிப்பாய் முன்னுக்கு வந்தார். இன்னொருவர் வீட்டுக் கடிதத்தைப் பிரசாரத்துக்காகத் திருத்தி எழுதியது அந்தப் பெரும் எழுத்தாளர் செய்த அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஆய்வாளர்கள் சொல்வது

இந்தக் கடிதங்களைப் பொது வாசகர் முன் கொண்டுவந்த பெருமை டேவிட் ஓமிஸிக்கு உரியது. 1999இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் அறுநூறுக்கும் மேற்பட்ட கடிதப் பகுதிகள் இருக்கின்றன. எழுதுபவர், தணிக்கையாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் தலையீட்டை அவர் மறைக்கவில்லை. இவற்றிலிருந்து அறிய முடியாததைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, அறிய முடிந்ததைப் பார்க்கலாம் என்பது அவருடைய நிலைப்பாடு. மானம், குலம், மன்னர் மீதான பற்று ஆகியவை அந்தச் சிப்பாய்களை நடத்திய உண்மையான உணர்வுகள் என்ற முடிவுக்கு அவர் வருகிறார்.

2014இல் கஜேந்திர சிங் எழுதிய நூல் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. அதிகாரம் கவனிக்கும் இடத்தில் பேசுகிறவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறார் என்பதே அவருடைய கேள்வி. பணிவான வாசகங்களுக்கு அடியில் மறுப்பும் பேரமும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். 2018இல் வந்த சந்தனு தாஸின் விரிவான நூல், இக்கடிதங்கள் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் நிற்பவை என்பதை வலியுறுத்துகிறது. கடிதங்களோடு புகைப்படம், பாட்டு, குரல் பதிவு, உடைமைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர் வழி. குளோத் மார்க்கோவிட்ஸ் பிரான்ஸைப் பற்றிய சிப்பாய்களின் பார்வையைத் தனியாக ஆராய்ந்தார். பெண்கள் ஏர் ஓட்டுவதையும் கணக்கு எழுதுவதையும் பார்த்தவர்கள், நம் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதினார்கள். தங்கிய வீட்டின் பிரெஞ்சு மூதாட்டி தன் மகனைப்போல் தன்னைக் கவனித்தாள் என்று நெகிழ்ந்தவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் தேடியது ஏறத்தாழ ஒன்றைத்தான்: போரைப் பற்றி, பேரரசைப் பற்றி, ஐரோப்பாவைப் பற்றிச் சிப்பாய் என்ன நினைத்தார்? அதே கேள்வியைத்தான் ஹவலும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வரிகளைத்தான் அவருடைய அலுவலகம் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்தது. ஆக, பேரரசு எதைத் தெரிந்துகொள்ள விரும்பியதோ அதுவே வடிகட்டி நமக்கு வந்திருக்கிறது.

வீட்டுக் கணக்கு

நான் அதிக நம்பிக்கை வைப்பது, அந்த வடிகட்டியில் தற்செயலாகத் தங்கிவிட்ட வேறுவகை வரிகளில். அடமானம் வைத்த நிலத்தை மீட்டாயிற்றா? அனுப்பிய பணம் வந்ததா, யார் கையில் வந்தது? எருமை கன்று போட்டதா? தங்கைக்குப் பார்த்த இடம் என்ன ஆயிற்று? பங்காளி வரப்பை வெட்டினால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதே. என் மனைவியைப் பிறந்த வீட்டில் விட்டுவைத்திருப்பது ஏன்? இப்படி ஏராளம்.

இந்த வரிகளைத் திருத்த எந்த அதிகாரிக்கும் காரணம் இல்லை. இவற்றில் பொய் சொல்லச் சிப்பாய்க்கும் காரணம் இல்லை. ஊரார் முன் படித்தாலும் இவற்றின் பொருள் மாறாது. மன்னரைப் புகழும் வரியில் எவ்வளவு மனப்பூர்வம், எவ்வளவு சடங்கு என்று பிரிப்பது கடினம். வரப்புத் தகராறைப் பற்றிய வரியில் அந்தச் சிக்கல் எழாது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால், பக்கத்தில் நின்றவர் நேற்றுச் செத்துப்போன இடத்திலிருந்து, ஒருவர் தன் குடும்பத்தின் தலைவராகத் தொடர்ந்து இருக்கப் பாடுபடுவது அதில் தெரிகிறது. அவருக்குப் போர் என்பது சம்பளமும் ஓய்வூதியமும் நில மானியமும் சம்பந்தப்பட்ட, வீட்டுக்காக எடுத்துக்கொண்ட ஒரு வேலை. எதற்காகச் சண்டை போட்டார்கள் என்ற கேள்விக்கு மானம், விசுவாசம் ஆகியவற்றோடு இந்தப் பதிலையும் வைத்துப் பார்க்க வேண்டும். சொல்லப்போனால் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

ஆனால் இத்தகைய வரிகளில் மிகப் பெரும்பான்மையானவற்றைத் தணிக்கையாளர்கள் முக்கியமற்றவை என்று மொழிபெயர்க்காமலே அனுப்பிவிட்டார்கள். அவை ஊரில் கறையானுக்கும் மழைக்கும் போயின. வீட்டிலிருந்து பெண்கள் எழுதச் சொல்லி அனுப்பிய பதில்களில் நமக்குக் கிடைப்பவை மிகச் சில. சிப்பாயின் துயரத்துக்குத் தொகுப்புகள் இருக்கின்றன. அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தவளின் துயரம் பஞ்சாபியப் பெண்களின் நாட்டுப்பாடல்களில்தான் எஞ்சியிருக்கிறது.

குடும்பம் காத்த ஒன்று

கடிதங்கள் அரசின் கையில் சிக்காமல் குடும்பத்தின் கையில் தங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சிறந்த சான்று வங்காளத்தில் இருக்கிறது. கல்யாண் குமார் முகர்ஜி இந்திய மருத்துவப் பணியில் கேப்டன். மெசபடோமியாவில் தளபதி டவுன்ஷெண்டின் படையோடு இருந்தவர். கூட் நகர முற்றுகையில் சிக்கி, 1916 ஏப்ரல் 29இல் அந்தப் படை சரணடைந்தபோது கைதியானார். 1917இல் துருக்கியரின் சிறைப்பிடிப்பில் நோயால் இறந்தார்.

போர்முனையிலிருந்து அவர் தாய்க்கு வங்காளியில் கடிதங்கள் எழுதினார். அவருடைய பாட்டி மோட்சதா தேவி முதுமையில் அவற்றைத் தொகுத்து, பேரனின் வாழ்க்கையையும் எழுதி, 1928இல் 'கல்யாண் பிரதீப்' என்ற நூலாக்கினார். அந்தக் கடிதங்களில் கல்யாண், தேசபக்தி என்ற பெயரில் இன்னொருவன் நாட்டைப் பறிப்பதையும் அதற்காக மனிதர்கள் கொல்லப்படுவதையும் நேரடியாகவே கண்டிக்கிறார். இந்தத் தேசபக்தியை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்களே என்றும் சொல்கிறார். படித்த அதிகாரி என்பதால் இடையில் எழுதுபவர் இல்லை. தாய்மொழியிலேயே மூலம் இருக்கிறது. பூலோன் அறிக்கைகள் முழுவதையும் புரட்டினாலும் இவ்வளவு வெளிப்படையான ஓர் அரசியல் சிந்தனையைக் காண்பது அரிது. வீடு காப்பாற்றியதால் அது நமக்குக் கிடைத்தது.

இன்னொரு வகைச் சான்று ஜெர்மனியில் இருக்கிறது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃபில் இந்தியப் போர்க்கைதிகளும் வைக்கப்பட்டிருந்தார்கள். அறிஞர் குழு ஒன்று அங்கே கைதிகளின் பேச்சை இசைத்தட்டில் பதிவு செய்தது. 1916 டிசம்பர் 11 அன்று மல் சிங் என்ற சீக்கியச் சிப்பாய் பதிவுக் கருவி முன் பேசினார். தன்னையே வேறொருவராக வைத்து, இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒருவன் இங்கே வந்து மாட்டிக்கொண்டான், ஊருக்குத் திரும்பினால் பிழைப்பான் என்ற பொருளில் அவர் பேசியது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அவர் குரலிலும் வீட்டு உணவும் வீடு திரும்புதலும்தான் முன்னிற்கின்றன.

தமிழ்நாட்டின் இடம்

பிரான்ஸ் கடிதங்களின் உலகம் வட இந்திய உலகம். அதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்குல இனங்கள் என்ற கோட்பாட்டை வலுவாக முன்வைத்த ராபர்ட்ஸ் பிரபு, அதற்கு முன் சென்னைப் படையின் தளபதியாக இருந்தவர். தென்னகத்தார் சண்டைக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற அவருடைய முடிவு சென்னைப் படையைச் சுருக்கியது. அந்த முடிவுக்கு ஆதாரமும் இல்லை, நியாயமும் இல்லை. எனினும் முதல் உலகப் போரில் தமிழர்கள் இல்லாமல் இல்லை. 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. சென்னை சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் மெசபடோமியாவில் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள். ஹவலின் அறிக்கைகள் போன்ற விரிவான தொகுப்பு அந்த முனைகளுக்கு இல்லாததால் அவர்களுடைய வீட்டுக் கடிதங்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை மாறியது. இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியபோது சென்னை மாகாணத்திலிருந்து ஏராளமானோர் சேர்ந்தார்கள். எழுத்தறிவும் ஓரளவு கூடியிருந்தது. அப்போதும் தணிக்கை அதிகாரிகள் கடிதங்களைப் படித்துச் சுருக்க அறிக்கைகள் தயாரித்தார்கள். 1943இல் வங்கப் பஞ்சச் செய்தி மத்தியக் கிழக்கில் இருந்த சிப்பாய்களை எட்டியபோது, வீட்டில் அரிசி இருக்கிறதா, நான் அனுப்பும் பணத்துக்கு எவ்வளவு வாங்க முடிகிறது என்ற கவலை அக்கடிதங்களை நிறைத்ததை யாஸ்மின் கான், தியா குப்தா ஆகியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. மறுபடியும் அதே பாடம்: போர்முனையில் நின்றவரின் மனம் வீட்டு அரிசிப் பானையில் இருந்தது. மறுபடியும் அதே இழப்பு: சுருக்கம் இருக்கிறது, கடிதம் இல்லை.

செய்ய வேண்டியது

நூறாண்டு கால ஆவணத்தையும் கால் நூற்றாண்டு ஆய்வையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இதுதான். தணிக்கை அலுவலகம் விட்டுச்சென்ற பகுதிகள் மதிப்புமிக்கவை. ஆனால் அவை பேரரசின் கண் வழியாகப் பார்த்த சிப்பாய். குடும்பத்தின் கண் வழியாகப் பார்க்க வேண்டுமானால் குடும்பங்கள் வைத்திருக்கும் கடிதங்கள் வேண்டும். முதல் போரின் கடிதங்களைப் பொறுத்தவரை காலம் ஏறக்குறைய கடந்துவிட்டது. அதன் பிறகு நடந்தவற்றுக்கு இன்னும் வழியிருக்கிறது.

பர்மா முனைக்கும் இத்தாலிக்கும் போன தாத்தாக்கள், 1962, 1965, 1971 போர்களில் நின்ற அப்பாக்கள், 1999இல் கார்கிலில் இருந்த அண்ணன்மார்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டைபோல், தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்களும் இருக்கின்றன. 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி எழுதிய இன்லண்ட் கடிதங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் இரும்புப் பெட்டிகளிலும் பரணிலும் கிடக்கின்றன. இவை தமிழிலேயே எழுதப்பட்டவை. மொழிபெயர்ப்பாளர் குறுக்கே வராதவை. மனைவி எழுதியதும் சேர்ந்தே இருக்கக்கூடியவை. ஹவலின் அலுவலகம் மொழிபெயர்க்காமல் விட்ட வீட்டுச் செய்திகள் அனைத்தும் இவற்றில் இருக்கும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் பழைய காகிதம் என்று போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். உறையையும் சேர்த்தே வையுங்கள். அதன் முத்திரையில்தான் தேதியும் தபால் நிலைய எண்ணும் இருக்கும். கடிதத்தில் வரும் பெயர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, குடும்பத்தார் சம்மதித்தால் ஒரு பிரதியை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ கொடுக்க முயலுங்கள். நம் கல்லூரிகளும் ஆய்வு மாணவர்களை ராணுவக் குடும்பங்கள் மிகுந்த ஊர்களுக்கு அனுப்பி இதை முறையாகச் சேகரிக்க வேண்டும். அந்தக் கடிதங்களில் உள்ள கைமாற்றுக் கணக்கும் மாட்டு விலையும் பிள்ளையின் பரீட்சை மதிப்பெண்ணும், போரைப் பற்றி அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளைவிட நம்பத்தகுந்த வரலாறு.